கடைசிப் பனியூழி முதல் இன்று வரை: கடற்பரப்பு வெப்பநிலையை அடையலிலிருந்து கணிக்கும் முழுமையான வழிகாட்டி

கடலடி அடையலில் (காலப்போக்கில் படிந்த சேற்றில்) கிடக்கும் நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு, கடந்த 23,000 ஆண்டுகளில் கடற்பரப்பு எவ்வளவு குளிர்ந்தோ சூடாகவோ இருந்தது என்பதை முதன்முறையாகக் கணிக்கப் புகும் இளம் ஆய்வாளருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கொழும்பில் இருந்துகொண்டு ஓடுகளைப் பொறுக்கித் துப்புரவாக்கி, அளவீட்டுக்காக வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, திரும்பி வந்த எண்களோடு மல்லுக்கட்டும் வேலையை மாணவர்களுடன் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சமன்பாட்டைக் கண்டுதான் தயங்குகிறார்கள். சமன்பாடு அரை மணிநேர வேலை. தவறுகள் அதற்கு வெகு முன்னரே, தண்டை (குழாயை இறக்கி எடுத்த நீண்ட அடையல் உருளையை) தேர்ந்தபோதோ வயதைக் கணித்தபோதோ நடந்து முடிந்திருக்கும்; அவற்றைப் பிறகு எந்தச் சமன்பாட்டாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே கீழுள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. எந்த நீர், எந்தப் பருவம், எந்தக் காலம்

ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். அந்த வாக்கியத்தில் இடம், பருவம், காலத்துல்லியம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். "இலங்கையைச் சுற்றிய கடல்" என்பது ஓர் இடமாகாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கரையை ஒட்டி ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது; அதே மாதங்களில் அரபிக்கடலின் உவர்ப்பான நீர் தீவுக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலோ வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீர் எதிர்த்திசையில் வருகிறது. காலிக்குத் தெற்கே எடுத்த தண்டும் திருகோணமலைக்குக் கிழக்கே எடுத்த தண்டும் ஒரே கதையைச் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

காலத்தையும் எல்லையிட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பனியூழியின் உச்சம் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவது இன்றைக்கு 23,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முந்திய காலம். உங்கள் கேள்வி அந்த உச்சத்துக்கும் இன்றைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றியதா, இடையில் நிகழ்ந்த திடீர் மாற்றங்களைப் பற்றியதா என்பதைப் பொறுத்தே அடுத்த படிகள் எல்லாம் மாறும். முதலாவதற்கு இருபது மாதிரிகள் போதும். இரண்டாவதற்கு நூறும் போதாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடையல், 63 மைக்கிரோமீற்றர் அரிதட்டு, 250 முதல் 300 மைக்கிரோமீற்றர் வரையான அளவுப் பிரிவைத் தரக்கூடிய இன்னும் இரண்டு அரிதட்டுகள், நல்ல இருகண் நுணுக்குக்காட்டி, மிகத் தூய நீர், ஈரமகற்றும் பாத்திரம் ஆகியவை அடிப்படைத் தேவைகள். இவற்றோடு மூன்று காரியங்களை முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்: ஓட்டின் வயதைச் சொல்லும் கதிர்க்காபன் (கதிரியக்கக் காபன்) அளவீட்டுக்கான பணம், அளவீட்டு ஆய்வகத்தின் எழுத்துமூல ஒப்புதல், இன்றைய கடலின் வெப்பநிலைத் தரவு. கடைசியாகச் சொன்னதற்கு உலகப் பெருங்கடல் அட்லஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் தண்டின் இடத்துக்குரிய மாதவாரி வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் மேற்பரப்பு முதல் 200 மீற்றர் ஆழம் வரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடலாய்வு அறிக்கைகளுக்காக மட்டக்குளி காக்கைத்தீவில் உள்ள நாரா எனும் தேசிய நீர்வள ஆய்வு நிறுவனத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நட்டமில்லை.

பணத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலையின் நடுவில் நிதி குறையும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது வயதுக் கணிப்பின் எண்ணிக்கையைத்தான். வெட்டக்கூடாததும் அதுவே.

3. தண்டைத் தேர்தல்

ஒவ்வோர் ஆண்டும் எவராவது ஒரு மாணவர், காலிமுகத்திடலுக்கு எதிரே படகில் போய் ஒரு குழாயை இறக்கினால் என்ன என்று கேட்பார். பனியூழியின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. நமது கரைமேடையும் பெரும்பாலும் அப்படியே. தரையாக இருந்த இடத்தில் அந்தக் காலத்துக் கடல் அடையல் கிடைக்காது. ஆழ்கடல் தண்டுதான் வேண்டும்.

கப்பல் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். ஆழ்கடல் துளைப்புத் திட்டங்கள் இந்து சமுத்திரத்தில் எடுத்த தண்டுகள் ஜப்பானின் கொச்சி நகரிலுள்ள களஞ்சியத்தில் பாதுகாக்கப்படுகின்றன; தெளிவான ஆய்வுத் திட்டத்துடன் விண்ணப்பித்தால் மாதிரி பெறலாம். எந்தத் தண்டைக் கேட்பது என்பதில்தான் யோசனை வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது படிவு வேகம். கடலடியில் புழுக்களும் பிற உயிர்களும் மேல் 10 செ.மீ. அளவான அடையலைக் கிளறிக் கலந்துகொண்டே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு 10 செ.மீ. படியும் இடத்தில் இந்தக் கலப்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை ஒன்றாக்குகிறது, 2 செ.மீ. மட்டும் படியும் இடத்தில் ஐயாயிரம் ஆண்டுகளை ஒன்றாக்குகிறது. தொண்ணூறு கிழக்கு முகடு எனும் கடலடி மலைத்தொடரில் உள்ள 758ஆம் துளைப்பிடம் நீண்ட காலவரலாற்றுக்குப் புகழ்பெற்றது. ஆனால் அங்கே ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றரை செ.மீ. அளவே படிந்திருப்பதால், பனியூழியின் உச்சமும் அதன்பின் வந்த வெப்பமேற்றமும் அங்கே ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். அத்தகைய தண்டில் 2.8 பாகைக் குளிர்ச்சி 2 பாகையாகத் தேய்ந்து தெரிவது வியப்பன்று.

அடுத்தது நீரின் ஆழம். கல்சியம் காபனேற்று ஓடு ஆழத்தில் கரைகிறது. வங்காள விரிகுடாவில் வடக்கே போகப் போக இக்கரைதல் குறைந்த ஆழத்திலேயே தொடங்குகிறது. ஓட்டில் மகனீசியம் கூடினால் வெப்பநிலையும் கூடியதாகக் கணிக்கிறோம் (4ஆம் படி); மகனீசியம் மிகுந்த பகுதிகளே முதலில் கரைவதால், கரைந்த ஓடு உண்மையைவிடக் குளிர்ந்த வெப்பநிலையைக் காட்டும். 1,000 முதல் 2,500 மீற்றர் வரையான ஆழம் நமது பகுதிக்குப் பாதுகாப்பானது என்பது என் அனுபவ மதிப்பீடு.

தண்டு வந்ததும், எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்பதை இருவர் தனித்தனியே சரிபாருங்கள். ஒரு முறை ஒரு மீற்றர்த் துண்டைத் தலைகீழாக அடுக்கி, மூன்று மாதங்கள் வேலை செய்த பிறகே கண்டுபிடித்தோம். வயதுகள் நடுவில் திரும்பி ஓடியதைப் பார்த்து, புழு கிளறியதற்கு இவ்வளவு அழகான எடுத்துக்காட்டா என்று அதுவரை மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

4. சான்றைத் தேர்தல்

சான்று என்று இங்கே சொல்வது, அடையலில் எஞ்சி வெப்பநிலையை மறைமுகமாகக் காட்டும் பொருளை. இந்தப் படியில்தான் பிற கடல்களுக்கு எழுதப்பட்ட கையேடுகள் நம்மவரை ஏமாற்றுகின்றன. அல்கீனோன் என்பது சில நுண்பாசிகள் உருவாக்கும் கொழுப்புச் சேர்மம். அதில் இரட்டைப் பிணைப்பு இரண்டு கொண்ட மூலக்கூறுகளுக்கும் மூன்று கொண்டவற்றுக்கும் உள்ள விகிதத்தை 0 முதல் 1 வரையான ஒரு சுட்டியாக எழுதுகிறோம். பரவலாகப் பயன்படும் 1998ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி சுட்டி = 0.033 × வெப்பநிலை + 0.044. அதில் 26 பாகை செல்சியஸைப் போட்டால் 0.902 வரும். 28.5 பாகைக்கு 0.985. 29 பாகைக்கு 1.001, அதாவது எல்லையைத் தாண்டிவிட்டது. இலங்கையைச் சுற்றிய கடலில் ஏப்ரல், மே மாதங்களில் 29 பாகை சாதாரணம். ஆகவே அல்கீனோன் நமது கடலில் பனியூழிக் காலத்தை ஓரளவு காட்டும். கடந்த பத்தாயிரம் ஆண்டுகளைத் தட்டையான கோடாக்கிவிடும். அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்து "வெப்பநிலை நிலையாக இருந்தது" என்று எழுதிய கட்டுரை வரைவுகள் இரண்டை நானே திருத்தியிருக்கிறேன்.

இந்தக் கடலுக்கு முதன்மைச் சான்றாக நான் பரிந்துரைப்பது, மிதவை போராமினிபெரா (நீரில் மிதந்து வாழும் ஒற்றைக்கல உயிரி) ஓட்டின் மகனீசியம்/கல்சியம் விகிதம். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும்; சூடான நீரில் இந்த உணர்திறன் மங்குவதில்லை. குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்ற இனத்தின் வெள்ளை வகை மேற்பரப்பு நீரில் வாழ்வதாலும், வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் காணப்படுவதாலும், அதுவே வழக்கமான தெரிவு.

இனக் கூட்டமைப்பை எண்ணி, இன்றைய கடலடி மாதிரிகளுடன் ஒப்பிட்டு வெப்பநிலை காணும் முறையும் உண்டு. வெப்பமண்டலத்தில் இனங்களின் கூட்டமைப்பு வெப்பநிலையோடு உணவு வளத்தையும் பின்பற்றுவதால், அதை இரண்டாம் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கியா நுண்ணுயிர்களின் சவ்வுக் கொழுப்பை அளக்கும் முறை மேற்பரப்பைவிடச் சற்று ஆழத்து நீரையும் கலந்து சொல்லக்கூடும். முதல் ஆய்வுக்கு அது வேண்டாம்.

5. வெப்பநிலைக்கு முன் வயது

வெப்பநிலையை அளந்துவிட்டுப் பிறகு வயதைப் பார்ப்போம் என்பதுதான் மிகப் பரவலான வரிசைத் தவறு. காரணம் எளிது. வெப்பநிலை வளைவைக் கண்ட பிறகு, அதில் ஏற்றம் வரும் இடத்தை 14,700 ஆண்டுகளுக்கு முந்திய வெப்பமேற்றத்தோடு பொருத்திப் பார்க்க மனம் தானாகவே இழுக்கும். வயது முதலில் முடிவாகிப் பூட்டப்பட்டிருந்தால் அந்தச் சபலத்துக்கு இடமில்லை. மேலும், உங்கள் தண்டு உச்சக் காலத்தை எட்டவே இல்லை என்பது தெரியவந்தால், நூற்றுக்கணக்கான ஓடுகளைத் துப்புரவாக்கும் உழைப்பு மிச்சமாகும். முதலில் அடிப்பகுதியிலும் நடுவிலும் மேலேயும் ஒவ்வொரு வயதாக மூன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். திருப்தியானால் மீதியை அனுப்புங்கள். 25,000 ஆண்டுகளுக்கு எட்டு முதல் பத்து வயதுகள் என்பது நான் வைத்திருக்கும் குறைந்தபட்சம்.

வயதுக்கு ஒரே இனத்தின் ஓடுகளைப் பயன்படுத்துங்கள். மொத்த அடையலை அனுப்பினால் பழைய சுண்ணாம்புத் துகளும் சேர்ந்து வயதைக் கூட்டிவிடும். ஓர் ஓடு ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிகிராம் எடையுள்ளது என்பதை நினைவில் வைத்தால், சில மில்லிகிராம் கேட்கும் ஆய்வகத்துக்குப் பல நூறு ஓடுகள் பொறுக்க வேண்டும் என்பது விளங்கும். ஒரு மாதிரிக்கு இரண்டு முழு நாட்களை ஒதுக்குங்கள்.

இனிக் கணக்கு. கதிர்க்காபன் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல: 18,000 கதிர்க்காபன் ஆண்டுகள், திருத்தத்துக்குப் பின் ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. பழைய கட்டுரைகளில் "18,000 ஆண்டுகளுக்கு முன்" என்று காணும்போது அது எந்த ஆண்டுக்கணக்கு என்று பாருங்கள். "இன்று" என்பதும் இங்கே 1950ஆம் ஆண்டையே குறிக்கும்.

கடல்நீரில் பழைய காபன் தேங்கியிருப்பதால், உயிரோடு இருக்கும் ஓடும் சில நூறு ஆண்டுகள் பழையதாகத் தோன்றும். இதற்குத் தேக்க வயது என்று பெயர் வைத்துக்கொள்வோம். உலகச் சராசரி, மரைன்20 என்ற திருத்த வளைவுக்குள்ளேயே அடங்கியுள்ளது. அந்தச் சராசரியிலிருந்து உங்கள் கடல் எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் நீங்கள் தனியே கொடுக்க வேண்டும். கவனியுங்கள்: முந்திய மரைன்13 வளைவுக்காகக் கணிக்கப்பட்ட விலகல் எண்ணை மரைன்20 வளைவுடன் சேர்க்கக் கூடாது. இரண்டு வளைவுகளின் அடிப்படைத் தேக்க வயதும் வேறு. கலந்தால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். பழைய கட்டுரையின் அட்டவணையிலிருந்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் மாணவர் எல்லோரும் இதில் விழுகிறார்கள்.

பிறகு பேக்கன் போன்ற மென்பொருளில் வயதுகளை ஆழத்தோடு இணையுங்கள். இரண்டு வயதுகளுக்கு நடுவே நேர்கோடு இழுப்பது எளிது; ஆனால் அது இடைப்பட்ட ஆழத்தின் நிச்சயமின்மையை மறைத்துவிடும். வயதளந்த புள்ளியிலிருந்து விலக விலக வயதுப் பிழை விரிய வேண்டும். மென்பொருள் தரும் ஆயிரக்கணக்கான வயதுச் சாத்தியங்கள் முழுவதையும் சேமித்து வையுங்கள். பத்தாம் படியில் அவை வேண்டும்.

6. வெட்டுதல், கழுவுதல், பொறுக்குதல்

ஒரு செ.மீ. தடிப்பில், ஐந்து செ.மீ.க்கு ஒன்றாக வெட்டுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு 10 செ.மீ. படிந்த தண்டில் இது 500 ஆண்டுக்கு ஒரு மாதிரி; 23,000 ஆண்டுகளுக்கு 46 மாதிரிகள். குழாயின் உள்சுவரை ஒட்டிய அடையலை எடுக்காதீர்கள், குழாய் இறங்கும்போது மேலடையல் அங்கே கீழே இழுபட்டிருக்கும்.

உலர்த்தி எடைபார்த்து, 63 மைக்கிரோமீற்றர் அரிதட்டில் மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீர் வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மெல்ல அமிலமாகும். அதில் ஓடுகளை இரவு முழுவதும் ஊறவிட்டால் மேற்பரப்பு கரையும். காலையில் ஊறவைத்ததை மதியத்துக்குள் முடித்து, 45 பாகை அளவில் உலர்த்துங்கள். கொழும்பின் ஈரப்பதத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: அடுப்பிலிருந்து எடுத்த மாதிரியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் தராசு வேறு எண்ணைக் காட்டும். ஈரமகற்றும் பாத்திரத்தில் சிலிக்கா மணிகள் நிறம் மாறியதைக் கண்டும் காணாமல் விடுகிறவர்களுக்கு இது புரிய ஒரு மழைக்காலம் தேவைப்படுகிறது.

அல்கீனோனும் அளக்க எண்ணினால் அதற்குரிய பங்கைக் கழுவும் முன்பே பிரித்து, சூளையில் 450 பாகையில் சுட்ட கண்ணாடிக் குப்பியில் உறையவைத்து வையுங்கள். நெகிழிப் பையில் வைத்தால் நெகிழியின் சேர்மங்களே வரைபடத்தில் முதல் சிகரமாக எழும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்களில் உறைபெட்டி பலமுறை நின்றுபோனதால், அந்த ஆண்டுக் குப்பிகளின் மேல் இன்றும் சிவப்புப் புள்ளி இருக்கிறது. அவற்றின் எண்களை நாங்கள் தனியே குறித்தே பயன்படுத்துகிறோம்.

பொறுக்குதல் கண்ணுக்கும் முதுகுக்கும் வேலை. கறுப்புத் தட்டில் ஒரு சிட்டிகை மாதிரியைப் பரப்பி, மிக நுண்ணிய தூரிகையை ஈரமாக்கி, ஓட்டைத் தொட்டு எடுக்க வேண்டும். ரூபரின் கடைசிச் சுற்றில் மூன்று அறைகள் இருக்கும். முதன்மைத் துளை, முந்திய இரண்டு அறைகள் பொருந்தும் கோட்டுக்கு நேர் மேலே வில்போல் வளைந்திருக்கும். சக்குலிஃபர் என்ற வேறோர் இனத்தின், கடைசி அறை பைபோல் நீளாத ஓடுகளை இதனுடன் குழப்புவது புதியவர்களின் வழக்கம். சக்குலிஃபரின் சுவர் தேன்கூடு போன்ற பெரிய குழிகளோடு இருக்கும், துளையும் ஒரு பக்கமாக ஒதுங்கும். ரூபரிலேயே கச்சிதமான உருண்டை வடிவமும், தட்டையாக ஒடுங்கிய கடைசி அறையுள்ள வடிவமும் உண்டு. பின்னது சற்று ஆழத்தில் வாழ்வதால் ஒரே வடிவத்தை மட்டும் எடுங்கள். இளஞ்சிவப்பு ரூபர் இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டது. உங்கள் தட்டில் இளஞ்சிவப்பு ஓடு ஒன்று தென்பட்டால் அது கறைபட்டதாகவோ, பழைய அடையலிலிருந்து புரண்டு வந்ததாகவோதான் இருக்கும்; ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அளவுப் பிரிவை நடுவில் மாற்றாதீர்கள். பெரிய ஓடும் சிறிய ஓடும் வேறு விகிதம் காட்டும். மாதிரிக்கு 30 ஓடுகள் என்று வைத்தால், குறைந்த மாதிரியில் 20 எடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் 350 மைக்கிரோமீற்றர் ஓட்டைக் கலந்து எண்ணிக்கையை நிரப்பக் கூடாது.

7. துப்புரவாக்கல்

கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவரும் களிமண் நமது கடலின் பெரும் பகுதியை மூடுகிறது. களிமண்ணில் மகனீசியம் நிறைய உண்டு. ஓட்டின் அறைக்குள் ஒட்டியிருக்கும் சிறு துகளும் விகிதத்தை உயர்த்தி, பனியூழியைச் சூடாக்கிக் காட்டும்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஓடுகளை வைத்து, ஒவ்வோர் அறையும் திறக்கும் வரை மெல்ல அழுத்துங்கள். பொடியாக்கினால் துப்புரவின்போது பாதி கழுவிப் போய்விடும். அழுத்தம் சரியென்றால் மிக மெல்லிய ஒரு நொறுங்கொலி மட்டும் கேட்கும், பிறகு அமைதி. வரிசை இது: தூய நீரில் மீயொலித் தொட்டியில் பலமுறை, பிறகு மெதனோலில் இரண்டு முறை, பிறகு சோடியம் ஐதரொட்சைட்டில் கலந்த ஐதரசன் பேரொட்சைட்டில் சூடாக, கடைசியில் 0.001 மோலர் நைத்திரிக் அமிலத்தில் அரை நிமிடம். களிமண்ணை முதலிலேயே நீக்குவதற்குக் காரணம், துகள்கள் இருக்கும்போது ஒட்சியேற்றும் கரைசல் ஓட்டின் சேதனப் பொருளைச் சென்றடையாது என்பதே. அமிலத்தைக் கடைசிக்கு வைப்பது, அதுவரை மேற்பரப்பில் ஒட்டியவற்றை உரித்தெடுக்க. அரை நிமிடத்தை ஒன்றாக்கினால் ஓடே கரையத் தொடங்கும்.

ஐதரசீன் கொண்டு ஒடுக்கும் கூடுதல் படியைச் சில ஆய்வகங்கள் செய்கின்றன. அது ஓட்டையும் சிறிது கரைத்து விகிதத்தை ஏறத்தாழ 10 சதவீதம் குறைக்கிறது. 10 சதவீதம் என்பது ஏறக்குறைய ஒரு பாகை. ஆகவே எந்த முறையைச் செய்தாலும், அதே முறையில் உருவான சமன்பாட்டையே பயன்படுத்த வேண்டும். இடையில் முறையை மாற்றுவது மன்னிக்க முடியாத பிழை.

8. அளவீடு

இதை ஆய்வகமே செய்யும். நீங்கள் கேட்க வேண்டியது மகனீசியம், கல்சியம் ஆகியவற்றோடு அலுமினியம், இரும்பு, மங்கனீசு எண்களையும். இரும்பு/மகனீசியம் விகிதம் 0.1ஐத் தாண்டினால் களிமண் மிஞ்சியிருக்கிறது என்று ஐயப்படுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றையாவது இரண்டாகப் பிரித்து வேறு வேறு பெயரில் அனுப்புங்கள். ஆய்வகத்தைச் சோதிக்க அல்ல. உங்கள் துப்புரவைச் சோதிக்க.

9. எண்ணை வெப்பநிலையாக்கல்

பல இனங்களுக்குப் பொதுவாக 2003ஆம் ஆண்டு வெளியான சமன்பாடு: விகிதம் = 0.38 × இயற்கை அடுக்கு (0.09 × வெப்பநிலை). திருப்பி எழுதினால் வெப்பநிலை = இயற்கை மடக்கை (விகிதம் ÷ 0.38) ÷ 0.09. மேல்மட்ட அடையலில் ஒரு மோல் கல்சியத்துக்கு 5.0 மில்லிமோல் மகனீசியம் கிடைத்தால் 28.6 பாகை. உச்சக் காலத்தில் 3.9 கிடைத்தால் 25.9 பாகை. வேறுபாடு 2.8 பாகைக்குச் சற்றே குறைவு.

இந்த வேறுபாட்டைக் கணிக்கும்போது 0.38 என்ற எண் தானாகவே கழிந்துபோவதைக் கவனியுங்கள். அதனால்தான் தனி வெப்பநிலையைவிட, இன்றையதிலிருந்து விலகலை எழுதுவது உறுதியானது. ஆனால் இரு காலத்துக்கும் பொதுவான, மாறாத பிழையே கழியும். காலத்தோடு மாறியது கழியாது.

உவர்த்தன்மை அப்படி மாறியது. பனிப்படலங்களில் நீர் பூட்டப்பட்டிருந்ததால் பனியூழிக் கடல் ஏறத்தாழ ஓர் அலகு கூடுதலாக உவர்ந்திருந்தது. ஓர் அலகுக்கு விகிதம் 3 முதல் 4 சதவீதம் கூடும். 3.9ஐ 1.035ஆல் வகுத்தால் 3.77, அதாவது 25.5 பாகை, வேறுபாடு 3.1 பாகையாகிறது. வங்காள விரிகுடாவில் பனியூழிக் காலத்தில் பருவமழை குறைந்து ஆற்றுநீரும் குறைந்ததால் உள்ளூர் உவர்த்தன்மை இன்னும் உயர்ந்திருக்கும். மறுபுறம், அக்காலத்தில் வளியில் காபனீரொட்சைட்டுக் குறைந்திருந்ததால் கடலின் கார இயல்பு சற்றுக் கூடி, விகிதத்தைக் குறைத்தது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை விடுவது, ஒன்றையும் திருத்தாமல் விடுவதைவிட மோசம். பேமேக் போன்ற புள்ளியியல் மாதிரியுருக்கள் இரண்டையும் ஆழத்துக் கரைதலையும் துப்புரவு முறையையும் ஒன்றாகவே கணக்கிலெடுக்கின்றன. அடிப்படைச் சமன்பாட்டைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த பின் அதற்கு மாறுங்கள்.

மேல்மட்ட மாதிரியின் வெப்பநிலையை அட்லஸின் எண்ணோடு இப்போது ஒப்பிடுங்கள். ஒரு பாகைக்குள் பொருந்தாவிட்டால் கீழே போகாதீர்கள். பெரும்பாலும் காரணம், குழாய் இறங்கிய வேகத்தில் மேல் சில செ.மீ. தெறித்துப் போய், நீங்கள் "இன்று" என்று எண்ணியது இரண்டாயிரம் ஆண்டுப் பழையதாக இருப்பதுதான். அதற்கு உங்கள் முதல் வயதே சாட்சி சொல்லும்.

10. பிழை எல்லை

விகிதத்தில் 5 சதவீதப் பிழை, வெப்பநிலையில் அரைப் பாகைக்கு மேல். அதனோடு சமன்பாட்டின் பிழையும் வயதின் பிழையும் சேரும். இவற்றை வர்க்கித்துக் கூட்டி மூலம் காண்பது முதல் பார்வைக்குச் சரி. உண்மையில் வேண்டியது, சேமித்து வைத்த வயதுச் சாத்தியங்களையும் சமன்பாட்டுச் சாத்தியங்களையும் எழுந்தமானமாக இணைத்து ஆயிரம் வளைவுகளை வரைவது. அந்த ஆயிரத்தில் குறைந்தது 950 வளைவுகள் ஒரு குளிர்ச்சியைக் காட்டினால்தான் அந்தக் குளிர்ச்சியைப் பற்றிப் பேசலாம். புதியவர்கள் வரையும் ஒற்றைக் கோட்டில் காணும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு காலநிலைக் காரணம் எழுதப்படுகிறது. பட்டையாக வரைந்தால் பற்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும்.

11. பல தண்டுகளைச் சேர்த்தல்

ஒரு தண்டு ஓர் இடத்தைச் சொல்லும். பரந்த கடலின் சராசரி வேண்டுமானால் பாங்கேயா எனும் இணையத் தரவுக் களஞ்சியத்திலிருந்து பிற தண்டுகளின் தரவை இறக்கி, அவற்றின் மூல விகிதங்களையும் மூலக் கதிர்க்காபன் வயதுகளையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே வளைவாலும் ஒரே சமன்பாட்டாலும் மீண்டும் கணியுங்கள். வெளியான வெப்பநிலையை அப்படியே சேர்த்தால் பத்துப் பேருடைய பத்து முடிவுகளைச் சராசரி எடுத்ததாகவே ஆகும்.

சராசரிக்கு முன் பரப்பளவைப் பாருங்கள். தண்டுகள் கரையோரத்தில் குவிந்திருக்கின்றன. கடலைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் முதலில் சராசரி கண்டு, பிறகு அகலாங்கின் கோசைனால் எடையிடுங்கள். 60 பாகை அகலாங்கில் உள்ள கட்டம் மத்தியகோட்டுக் கட்டத்தில் பாதிதான்.

உங்கள் விடை வெளியான எண்களோடு பொருந்தாவிட்டால் உடனே உங்களையே ஐயப்பட வேண்டாம். 2009இல் வெளியான மார்கோ எனும் பனியூழிக் கடல்வெப்பநிலைத் தொகுப்பு வெப்பமண்டலக் கடலுக்கு 1.7 பாகை அளவான குளிர்ச்சியைச் சொன்னது. 2020இல், வேதியியல் சான்றுகளை மட்டும் எடுத்துக் காலநிலை மாதிரியுருவோடு இணைத்த ஆய்வு, உலகக் கடற்பரப்பு முழுவதற்கும் 3.1 பாகை என்றது. பரப்பும் முறையும் சான்றும் வேறு. இவற்றை ஒரே வரைபடத்தில் வைக்கும் முன் அந்த வேறுபாடுகளை எழுதுங்கள்.

12. சேமித்தல்

ஆழம், மூல விகிதம், அலுமினிய எண், மூலக் கதிர்க்காபன் வயது, ஆய்வகக் குறியீடு, ஓட்டின் அளவுப் பிரிவு, துப்புரவு முறை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் வைத்துக் களஞ்சியத்தில் பதிவேற்றுங்கள். கணித்த வெப்பநிலையும் திருத்திய வயதும் கடைசி நிரல்களில் இருக்கட்டும். அடுத்த திருத்த வளைவு வெளியாகும் அன்று அழித்து மீண்டும் நிரப்ப வேண்டியவை அவைதாம். பொறுக்கி மீந்த ஓடுகளைத் தட்டோடு மூடி, ஆழத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கொழும்பின் ஈரத்தில் இரண்டே ஆண்டில் பரவிவிடுகிறது.